ஓ.டி.க்கு யார் மாத்திரை கொடுத்தது?

கம்பெனி பஸ் தண்டலத்தைத் தாண்டும்போது கேட் செக்யூரிட்டி தணிகாசலம் போன் செய்தார். "சார், படப்பை நாய் டாக்டரம்மா பூட்டாங்களாம். நெஞ்சு வலியாம்." படப்பையில் கால்நடை கிளினிக் நடத்திய டாக்டர் மனோகரியை எங்கள் ஆலையில் அப்படித்தான் சொல்வோம். அவர் இறந்த சேதியை பஸ்ஸில் இருந்தவர்களிடம் சொன்னேன். அவரிடம் திட்டு வாங்காதவர்கள் அதில் குறைவு. படப்பைப் பக்கம் நாய் வளர்ப்பவர் என்றால் நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

எங்கள் ஆலை வாசலில் ஒரு நாய் உண்டு. ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாதவன் என்பதால் ஓ.டி., அதாவது ஓவர்டைம், என்று பெயர். மழை ஓய்ந்து, சுற்றியுள்ள காலி மனைகளில் புல் பூக்கத் தொடங்கினால் அவனுக்கு அரிப்பு வந்துவிடும். பாதத்தை நக்கியே புண்ணாக்கிக்கொள்வான். முதல்முறை அவனைத் தூக்கிக்கொண்டு போனபோது, முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு ஜலதோஷ மாத்திரை அட்டையையும் எடுத்துப் போய், "இதுல பாதி குடுத்தா போதுமா மேடம்?" என்றேன். நான் லைன் சூப்பர்வைசர். தெரிந்ததுபோல் கேட்பது பழகிவிட்டது.

அட்டையைப் பிடுங்கிப் பின்பக்கம் திருப்பினார். "இதுல அலர்ஜி மருந்தோட மூக்கடைப்பு மருந்தும் சேர்ந்திருக்கு. உங்களுக்கு மூக்கு திறக்கும், இவனுக்கு உயிரே போயிடும். படிக்கத் தெரியுமில்ல?" முதலில் உண்ணி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு எடை. ஓ.டி. மெஷினில் நிற்க மறுத்ததால், என்னை அவனைத் தூக்கிக்கொண்டு ஏறச் சொன்னார். அப்புறம் தனியாக ஏறச் சொன்னார். "நாயைக் கழிச்சாலும் நீங்க ரொம்ப மிச்சமிருக்கீங்க சார்" என்று காத்திருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார். அவன் எடைக்கு ஏற்ப, வேறெதுவும் கலக்காத அலர்ஜி மாத்திரை, தினம் ஒன்று மட்டும் என்று எழுதித் தந்தார். கொஞ்சம் தூங்குவான், தள்ளாடினால் உடனே கூட்டிவர வேண்டும் என்றார்.

தள்ளாடினான். குற்றம் மருந்துடையதல்ல. எங்கள் ஆலையில் முந்தைய ஷிப்ட் செய்த வேலையை அடுத்த ஷிப்ட் நம்பாது. காலை ஷிப்ட் பன்னில் வைத்து மாத்திரை கொடுத்தது. மதியம் வந்தவர்கள், "அவனுங்க எங்க குட்த்திருப்பானுங்கோ" என்று இன்னொன்று கொடுத்தார்கள். இரவு வந்தவர்களும் அதே அன்போடு. விடிந்தபோது ஓ.டி. கண் சொருகிக் கிடந்தான். நிற்க வைத்தால் விழுந்தான். ஷேர் ஆட்டோவை மொத்தமாகப் பேசி, படப்பைக்கு ஓடினோம்.

ட்ரிப் ஏற்றிவிட்டு டாக்டர் எங்கள் பக்கம் திரும்பினார். "ஒரு போல்ட்டை முடுக்கினா பெயின்ட்ல கோடு போடுறீங்க, அடுத்தவன் மறுபடி முடுக்கக் கூடாதுன்னு. உயிருக்கு அந்த மரியாதை கிடையாதா?"

தணிகாசலம் மெல்ல, "பாசத்துல குட்த்துட்டோம்மா" என்றார்.

"பாசத்தை பிஸ்கட்டா குடுங்க. மாத்திரையை ஒருத்தர் மட்டும் குடுங்க."

பிழைப்பானா என்று கேட்க எங்களில் யாருக்கும் துணிவில்லை. சாயங்காலம் அவன் தலையைத் தூக்கி டாக்டரின் டிபன் பாக்ஸை மோந்து பார்த்தான். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அவனைத் தடவிக்கொடுத்தபடியே எங்களைத் தொடர்ந்து திட்டினார். அவ்வளவு நிம்மதியாக நானும் எங்கேயும் திட்டு வாங்கியதில்லை. அன்றிலிருந்து ஓ.டி.யின் மாத்திரை காலை ஷிப்டின் பொறுப்பு.

அவரிடமிருந்து எனக்குத் தங்கியது ஒரு பழக்கம். போன வாரம் அம்மாவின் பிரஷர் மாத்திரையைக் கையில் எடுத்தவன், நின்று கேட்டேன்: "யாராவது குடுத்தாச்சா?"

"இப்பதான் குடுத்தேன்" என்றாள் மனைவி.

உடனே டாக்டரிடம் சொல்ல போனை எடுத்தேன். திட்டு வாங்காமல் சொல்லக்கூடிய ஒரு சேதி முதல்முறையாக என்னிடம் இருந்தது. கேட்க அவர்தான் இல்லை.