சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கு ஒன்று

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு மகள் கையைத் தூக்கினாள்.

"என்னடி, இது கிளாஸா?" என்றான் அப்பன். பஸ் ஓட்டிவிட்டு வந்த காக்கிச் சட்டையை இன்னும் கழற்றவில்லை.

"கேம்ப்ல சாப்பிட்டு முடிச்சதும் ஆளுக்கு ஒண்ணு சொல்லணும்ப்பா. இன்னிக்கு எது பிடிச்சுது, எது பிடிக்கலன்னு. யாரும் குறுக்கே பேசக் கூடாது."

அம்மாக்காரிக்குச் சிரிப்பு வந்தது. கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூட வாய் வராத பெண் இது. ஆஸ்பத்திரி ஊழியர்களின் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் இலவசம் என்றார்கள். அம்மாக்காரி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் விரிப்பு மடிப்பவள், அனுப்பிவைத்தாள். முகாமிலிருந்து நீச்சலோடும், கறுத்த தோளோடும், முகத்தைப் பார்த்துப் பேசும் பழக்கத்தோடும் திரும்பியிருந்தாள் மகள்.

"சொல்லித் தொலை."

"ஜன்னலோரம் படுக்க விட்டது பிடிச்சுது. நீங்க அம்மாவ அடிக்கிறது பிடிக்கல."

அம்மாக்காரி முழங்கைக்குக் கீழே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டாள். சலவைக்கூடத்துப் புழுக்கத்திலும் முழுக்கைச் சட்டைதான். யாராவது கேட்டால், இஸ்திரி மிஷின் சுட்டுவிட்டது என்பாள். "அந்த மிஷினுக்கு உன்மேல மட்டும் அப்படி என்ன பாசம்டி?" என்றாள் ஒருநாள் விரிப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவள். எல்லோரோடும் சேர்ந்து இவளும் சிரித்துவைத்தாள்.

"இதுக்குத்தான் அனுப்பினியா?" அவன் மனைவியைப் பார்த்துக் கேட்டான்.

"நான் இன்னும் முடிக்கலப்பா." மகளின் கை இறங்கவில்லை.

அறை மகளின் கன்னத்தில் விழுந்தது. அதுவரை அவன் மகள்மேல் கை வைத்ததில்லை. தன் உடம்பைக் கொடுத்து மகளைக் காப்பாற்றுவதாகத்தான் அம்மாக்காரி இத்தனை வருஷமும் நினைத்திருந்தாள்.

மகள் அழவில்லை. "அடுத்தது நீம்மா" என்றாள்.



"எனக்கும் பிடிக்கலங்க" என்றாள் அம்மாக்காரி கடைசியில், தட்டைப் பார்த்தபடி.

மறுநாள் அவன் முதல் ஷிப்டுக்குப் போனான். அம்மாக்காரி வேலைக்குப் போகவில்லை. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் மத்தியானம்வரை அம்மாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். ஏட்டு, வீட்டுக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். மகள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். சாயங்காலம் அம்மாக்காரியின் அக்கா வீட்டுக்குப் போனார்கள். அக்கா சமையலறையை ஒட்டிய நடையில் பாயை விரித்துவிட்டு, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டாள்.