நிலம் எடுத்த வக்கீல்

வக்கீல் அருளப்பன் இறந்த செய்தியை ஒன்றியச் செயலாளர்தான் போனில் சொன்னார். "வக்கீலய்யா போய்ட்டாருப்பா. பேனருக்கு ரெண்டு வரி அனுப்பு, பிரஸ்ல ஆள் நிக்குது" என்றார் ஒரே மூச்சில். நானும் ஒரே மூச்சில் அனுப்பிவிட்டேன், 'நிலம் காத்த நெஞ்சம்' என்று. கட்சிக்குப் பேனரும் நோட்டீசும் எழுதி எழுதிக் கண் கலங்குவதற்கு முன்னால் எனக்கு மோனை வந்துவிடுகிறது.

அவரை அறிந்த உங்களுக்கு அந்த வரியைப் பார்த்ததும் சுருக்கென்றிருக்கும். அவர் நிலத்தைக் காத்தவரல்ல. அரசு வழக்கறிஞராக இருந்தபோது வடக்குப்பட்டுப் பக்கத்து விளைநிலங்களைத் தொழிற்பேட்டைக்காக எடுக்க, கோர்ட்டில் வாதாடி ஜெயித்தவர். நிலம் கொடுக்கும் வீட்டுக்கு ஒரு நிரந்தர வேலை என்று அரசு சொல்லச் சொன்னதை நீதிபதி முன் எழுந்து நின்று சொன்னவரும் அவர்தான். கம்பெனிகள் வந்தன. வேலை கான்ட்ராக்டில்தான் வந்தது.

ஆட்சி மாறி அந்தப் பதவி போனதும் ஒன்றியக் கவுன்சிலருக்கு நின்றார், வேறு இடமே கிடைக்காததுபோல் அதே ஊர்களில். பிரசார வேனில் ஏறி மைக்கைப் பிடித்தவர், "உங்க நெலத்த கோர்ட்ல பேசி எடுத்தவன் நான்தான். வேலை தரோம்னு சொன்னதும் என் வாய்தான். அத என்கிட்ட கேளுங்க" என்றார். நானும் கூடப் போயிருந்தேன். கீழே இறங்கியதும், "ஐயா, அந்தப் பேச்ச மட்டும் வுட்ருங்க" என்று கெஞ்சினேன். "அத வுட்டா எனக்குப் பேச இன்னா கீது?" என்றார்.

அந்தத் தடவை தோற்றார். அடுத்த தடவையும் அதையே பேசினார், ஜெயித்தார். கவுன்சிலரான பிறகு ஒரகடம் தொழிற்பேட்டையில் அவர் போய் நிற்காத கம்பெனி கேட் இல்லை. செக்யூரிட்டி உள்ளே விடாவிட்டால் வெளியிலேயே நிற்பார். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு போவார்கள். சிலருக்கு நிரந்தரம் வாங்கிக் கொடுத்தார். பலருக்கு முடியவில்லை. அந்த ஊர்க் கல்யாணங்களுக்குப் போனால் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். யார் கையைப் பிடித்து இழுத்தாலும், "சொன்னது பாக்கி கீதும்மா, அப்புறம் ஒக்கார்றேன்" என்பார்.

அடக்கத்துக்கு வடக்குப்பட்டுப் பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோக்களில் வந்தார்கள். சரோஜா அக்கா தெருமுனைப் பேனரின் முன் நின்றுவிட்டார். தன் நிலத்தில் எழும்பிய கம்பெனியிலேயே கூட்டிப் பெருக்குகிறவர் அவர்.

"இத எழுதனது யாரு? எங்க நெலத்த எடுத்தவரு இவரு. ஊரு கேக்க அவரே சொன்னாரு. வேற எவன் வந்து சொன்னான் எங்களாண்ட? அதுக்குத்தானே ஓட்டுப் போட்டோம். செத்த மனுசன பொய்யனாக்கிட்டீங்களே."

ஒன்றியச் செயலாளர் என்னைப் பார்த்தார். "பிரஸ்ல மாத்திப் போட்டுட்டாங்கக்கா" என்று சொல்லிவிட்டேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "என் பையன் இன்னும் கான்ட்ராக்ட்லதான் கீறான். இனிமே கம்பெனி கேட்டாண்ட யாரு வந்து நிப்பாங்க?" என்றார். கல்லறைக்குப் போன ஊர்வலத்தில் அந்தப் பேனரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நடந்ததும் நான்தான்.

வக்கீலய்யா நினைவாக என்னிடம் ஒரு பேனாவோ படமோ கிடையாது. வெட்கம் ஒன்றுதான் மிச்சம். அவருக்கும் அது இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு அவர் ஊர் ஊராய், கேட் கேட்டாய்ப் போனார். எனக்கு அது வந்த நாளிலிருந்து நான் வடக்குப்பட்டுப் பக்கம் போகாமல் வீட்டுக்குள் உட்கார்ந்து அஞ்சலி எழுதிக்கொண்டிருக்கிறேன்.