கொப்பரைக்குப் போட்ட பழைய விலை

ஜாலான் புசார் தெருவில் ஒரு கடைவீட்டின் பின்கட்டில் என் வீட்டுக்காரரும் அவர் தம்பியும் சோப்புக் காய்ச்சினார்கள். பட்டறையில் சொத்து என்றால் ஒரு எஃகுக் கொப்பரைதான். ஆள் இறங்கி நின்றால் தலை மட்டும் வெளியே தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில் புதிதாக வாங்கியது. அண்ணனும் தம்பியும் பாதிப் பாதி போட்டார்கள்; எங்கள் பாதிக்கு விற்றது என் நகையை. இதை நான் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. இப்போது எழுதுகிறேன்.

எண்ணெய் விலை ஏறி, இரும்பிலிருந்து அரிசி வரைக்கும் எல்லாம் எட்டாமல் போன பிறகு என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சாப்பாடும் ஆனதும் பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து பங்கு பேசினார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் அது. தாலி இழந்தவள் உள்ளே இருக்க வேண்டும். அவளுக்காக அவள் அண்ணன் பேசுவார்.

"அண்ணன் கொப்பரைக்குப் போட்டதுல ஒரு காசு கொறையாம அண்ணிக்குக் குடுத்துடறேன்," என்றார் கொழுந்தன்.

இந்தக் காலத்தில் இப்படி ஒரு தம்பியா என்று எல்லோரும் தலையாட்டினார்கள். என் அண்ணனும்தான். கதவுக்குப் பின்னால் நான்கூடப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பணம் வந்த வேகத்தில் கரைந்தது. ஓர் இன்ஜினியரிங் ஆபீசில் டீ போடும் வேலைக்குப் போனேன். அங்கே கிளமெண்டிப் பக்கமிருந்து ஒரு தமிழ்ப் பெண் இன்ஜினியர் வருவாள். எண்பதுகளில் ஒரு நாள் பழைய பில் ஒன்றை வைத்துக்கொண்டு கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"பழசைப் பாத்து என்னம்மா ஆகப் போவுது?"

"பழைய விலையை இன்னைக்கு விலையா மாத்தணும் ஆன்ட்டி. ஃபேக்டரித் தொட்டி, பம்ப்புக்கெல்லாம் வருஷா வருஷம் ஒரு நம்பர் போடுவாங்க. இண்டெக்ஸ்னு பேரு. இந்த வருஷ நம்பரை வாங்குன வருஷ நம்பரால வகுத்து, பழைய விலையால பெருக்கணும். அவ்ளோதான் லா."

"தேக்கா மார்க்கெட்டுல ஒரே கூடையை வருஷா வருஷம் ரொப்பி, எவ்வளவு ஆச்சுன்னு பாக்கற மாதிரி?"

"அதே! ஆனா காய்கறி நம்பரைத் தொட்டிக்குப் போடக்கூடாது. இரும்பு, வெல்டிங் கூலின்னு இதுக்குத் தனி."

"சட்டி பழசா இருந்தா?"

"நம்பர் புதுச் சட்டி விலையைத்தான் சொல்லும். தேய்மானத்தை நாமதான் கழிக்கணும்."

கொப்பரை வாங்கிய வருஷத்தையும் என் வீட்டுக்காரர் போன வருஷத்தையும் சொல்லிக் கணக்குப் போடச் சொன்னேன்.

"கழிச்சாலும் வாங்கின விலைக்கு மேலயே நிக்குது ஆன்ட்டி. யாரு சட்டி?"

"செத்துப்போன ஒருத்தரோடது," என்று கிளாஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி காப்பி வைத்தாள். நான் தொடவில்லை.

"எனக்குப் பணம் வேணாம். அன்னைக்கு உக்காந்த பெரியவங்க முன்னாடி, அண்ணிக்குக் குடுத்தது கொறைச்சல்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்," என்றேன். நம்பர் விஷயத்தையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். "டீ போடற எடத்துல இதெல்லாமா கத்துக் குடுக்கறாங்க? எனக்குத் தெரியாத இண்டெக்ஸா அண்ணி? அண்ணன் போன கையோட பேங்க்ல லோன் கேட்டப்போ, அந்த நம்பரைப் போட்டுத்தானே கொப்பரைக்கு மதிப்புக் காட்டுனேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அவர் மனைவி தரையைப் பார்த்தாள்.

"பேங்குக்கு ஒரு வெல, எனக்கு ஒரு வெலயா?"

"குடும்பத்துக்குள்ள போய் நம்பர் பாப்பாங்களா அண்ணி?"

எழுந்து வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் காலமாகிவிட்டார்கள், என் அண்ணன் உட்பட. தங்கமான தம்பி என்று நினைத்துக்கொண்டேதான் போனார்கள். இனி யார் முன்னால் அவர் அந்த வார்த்தையைச் சொல்ல?

தீபாவளிக்குத் தவறாமல் கொழுந்தன் பட்டறை சோப்பு ஒரு பெட்டி என் வீட்டுக்கு வரும். பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன். மறு வருஷமும் வரும். நான் குளிக்கிற சோப்பு தேக்காவில் காசு கொடுத்து வாங்கியது, அன்றைக்கு என்ன விலையோ அந்த விலைக்கு.