கழற்ற மறந்த வடிகட்டி

கோவர்த்தனனுக்குச் சொந்த ஊர் நகரி. தூசி அளக்கும் பெட்டிகளைப் பராமரிப்பது வேலை. புத்தூர், ரேணிகுண்டா, ஸ்ரீ சிட்டி என்று பைக்கிலேயே ஓடுவான். பெட்டிக்குள் ஒரு லேசர் ஒளி. உள்ளே இழுக்கும் காற்றில் தூசி இருந்தால் ஒளி சிதறும். அதை சென்சார் அளந்து திரையில் எண்ணாகக் காட்டும். "மனுசன் மூக்கு பொய் சொல்லும், இது சொல்லாது" என்பான். அதைக் கேட்காத டீக்கடை அந்த வழியில் கிடையாது.

ரேணிகுண்டாவில் ஒரு கல் அறுக்கும் பட்டறை. அங்கே வேலை செய்யும் அம்சவேணி இருமி இருமி ஓய்ந்துபோய், பேக்கிங் பக்கம் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். சூப்பர்வைசர் சுரேஷ்பாபு அவளைப் பெட்டி முன் நிறுத்தினார். திரையில் மூன்று; தூசியே இல்லை என்று அர்த்தம்.

"சூடம்மா, மூடே உந்தி கதா!" மூன்றுதானே இருக்கிறது பார் என்று தெலுங்கில் சிரித்தார்.

கணக்கெடுக்க வந்திருந்த கோவர்த்தனனிடம் அவள் திரும்பினாள். "அண்ணா, நீயே சொல்லு. மூச்சு வுட முடியாம செத்துக்கினு கீறேன். தூசி இல்லியா?"

பட்டறையே வேடிக்கை பார்த்தது. இவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மெசின் பொய் சொல்லாதும்மா" என்றான். பெட்டி காற்றை இழுக்கும் குழாயை ஒரு தடவை திறந்து பார்த்திருக்கலாம், மகானுபாவன். பார்க்கவில்லை. வேலைக்குச் சோம்பல் என்று யாரோ முணுமுணுக்க, அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கல்லுக்கே போனாள்.

அடுத்த மாதம் சர்வீஸுக்குக் குழாயின் மூடியைத் திறந்தான். உள்ளே ஒரு வடிகட்டி. பெட்டி பூஜ்யம் காட்டுகிறதா என்று சோதிக்க, தூசியே போகாதபடி குழாயில் ஒரு வடிகட்டி சொருகுவார்கள். சோதித்ததும் கழற்ற வேண்டும். நாற்பது நாளுக்கு முன், போன சர்வீஸில் அவன் சொருகியது அப்படியே இருந்தது.

கழற்றினான். எண் முந்நூறைத் தாண்டியது. யாரும் பார்க்கவில்லை என்ற நிம்மதியோடு வடிகட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். அந்த நிம்மதிதான் அவனுக்குத் தாங்க முடியாத கேவலமாக இருந்தது.

புது எண்ணைப் பார்த்த சுரேஷ்பாபு பழைய மூன்றை மெசின் கோளாறு என்று முடித்தார்; அன்றே அம்சவேணிக்கு மாற்றல் கிடைத்தது. சாப்பாட்டு வேளையில் டப்பாவோடு அவனைத் தேடி வந்தாள். "மெசின் கெட்டுப் போச்சாமே. நீ ரிப்பேர் பண்ணலன்னா நான் பொய்க்காரியாவே இருந்திருப்பேன். துன்னுண்ணா."

ஒரு வாய் வைத்தான். டப்பாவைக் கீழே வைத்தான். எல்லோரும் பார்க்க வடிகட்டியை எடுத்து அவள் முன் வைத்தான். "மெசின் கெடலம்மா. இத்த கழட்ட மறந்துட்டேன்" என்று நடந்ததைச் சொன்னான்.

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நாப்பது நாளா நல்ல காத்து உன் மெசினுக்கு மட்டுந்தானா, அண்ணா?"

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனாள்.