கண்ணுக்குள் போடாத மஞ்சள்

“மேல பாரு” என்றபடி மேல்வீட்டு அக்கா என் கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பிடிக்கிறார். எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடிப் படித்திருப்பம், காலை ஏழேகால் மணி. ஏழரைப் பேருந்து எங்களுக்காக நிற்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் என் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, வலக்கண், இடக்கண் இரண்டையும் பார்த்து முடித்தால்தான் படியிறங்க விடுவார். “கீழ பாரு… ம், வெள்ளையாத்தான் இருக்கு. வா.” காலங்கார்த்தாலே இதென்ன கூத்து என்று முதல் வாரம் அவர் மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். இப்போது நானே போய் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இது ஐந்து மாதமாக நடக்கிறது.

நான் மட்டும் இல்லை. கீழ்வீட்டுக் குழந்தை, தண்ணீர் கேன் போடுகிறவர், எங்கள் தொழிற்சாலை வாசல் காவலாளி என்று அக்கா கையில் அகப்பட்ட யாரும் தப்ப முடியாது. “என்னம்மா, சந்தையில மாட்டப் பாக்குற மாதிரி பாக்குறீங்க?” என்று காவலாளி ஒரு நாள் கேட்டார். அக்கா சிரிக்கவில்லை. “பேசாம கண்ணத் தொறங்க” என்றார். அவரும் திறந்தார்.

சட்டை தைக்கும் தொழிற்சாலையில் எங்களுக்கு அடுத்தடுத்த மேசை. என்னுடையது பொத்தான், அக்காவுடையது நூல். துணிக்கு ஏற்ற நூல் இதுதான் என்று அவர் சொன்ன பிறகுதான் எந்தத் தையல் இயந்திரமும் ஓடும். தையல் பெண்கள் அவரை ‘ஷேடக்கா’ என்பார்கள். நூலைக் கண்டாக வைத்துப் பார்த்து அவர் ஒருநாளும் முடிவு சொன்னதில்லை. “கண்டா பாத்தா கறுப்பு தட்டும். இழையா பாரு” என்று ஒற்றை இழையை உருவித் துணியின் மேல் நீட்டிப் போடுவார். மேசை மேல் விளக்குப் பெட்டி ஒன்று உண்டு. அதில் கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம், பகல் வெளிச்சம் என்று மூன்று விளக்குகள். மூன்றிலும் பார்த்தபின் துணியையும் நூலையும் தூக்கிக்கொண்டு நிஜ வெயிலுக்காக ஜன்னலுக்குப் போவார். “ஒரே வெளக்குல பாத்துட்டு வாய் திறக்கக் கூடாது” என்பது அவர் சட்டம். திருப்தியானால் இரண்டு விரலைச் சேர்த்துத் துணியின் மேல் டக், டக் என்று இரண்டு தட்டு. அந்தத் தட்டு விழுந்துவிட்டால் மேலாளர்கூட மறுபேச்சுப் பேச மாட்டார்.

அவருக்கே பயம் உள்ள நிறம் ஒன்றுதான், மஞ்சள். எலுமிச்சை மஞ்சள், வாழைப்பழ மஞ்சள், கடுகுப்பூ மஞ்சள் என்று அதில் மட்டும் பதினேழு வகை அவர் அட்டையில் இருக்கின்றன. “தொடர்ந்து மூணு மஞ்சள் பாத்தா கண்ணு பொய் சொல்ல ஆரம்பிச்சிடும். நடுவுல அந்தச் சாம்பல் சுவத்தப் பாரு” என்று எனக்குச் சொல்லியிருக்கிறார். அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த பதினோரு வருடத்தில் ஒரு மஞ்சளும் தப்பியதில்லை. இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இப்படிப்பட்டவருக்குத்தான் அது நடந்தது.

அக்காவுக்கு இருப்பது ஒரே தங்கை. சின்னவளைத் தூக்கி வளர்த்ததே அக்காதான். பெரிய கடையொன்றின் பின்கட்டில் பொட்டலம் கட்டுகிற வேலை அவளுக்கு. முன்பக்கக் கவுண்டரில் நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. பேச்சில் கெட்டிக்காரி, நிற்க வைத்தால் சமாளித்துவிடுவாள். ஆனால் பருவெல்லாம் போய்க் கன்னத்தில் கரும்புள்ளிகள் தங்கிவிட்டன. “மொகம் கொஞ்சம் தெளியட்டும்மா, அப்புறம் பாக்கலாம்” என்று கடை மேற்பார்வையாளர் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதினால் பத்திரிகைக்காரர்கள் வெட்டிவிடுவார்கள்.

அன்று மாலையே அக்கா மஞ்சள் கிண்ணத்தை எடுத்துவிட்டார். ஒரு கரண்டி தயிர், இரண்டு சிட்டிகை மஞ்சள்தூள், நாலு சொட்டு தேன். வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் சின்னவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அக்கா இரண்டு இமையின் மேலும் நனைத்த பஞ்சை வைத்துவிட்டு, நெற்றியில் தொடங்கிக் கழுத்துவரை பூசுவார். மீந்ததைத் தன் முகத்தில் தடவிக்கொள்வார். அவருக்கும் இரண்டு கன்னத்திலும் கருந்திட்டாக மங்கு உண்டு. “என்னுது அசையாது. கிண்ணத்துல வீணாப் போகுதேன்னு போடுறேன்” என்பார். இருபது நிமிடம் அக்காவும் தங்கையும் வாயை அசைக்காமல், பல்லைக் கடித்தபடி பேசிக்கொள்வார்கள். துண்டு, தலையணை உறை, சட்டைக் கழுத்து எல்லாம் மஞ்சள். “இந்த வீட்டுல வெள்ளைன்னு ஒண்ணு மிச்சமிருக்கா?” என்று நான் கேலி செய்வேன். மூன்று மாதத்தில் புள்ளி குறைந்ததா என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. முகமே மஞ்சளாக இருக்கும்போது புள்ளியை எங்கே தேடுவது?

அப்புறம் சின்னவள் சோர்ந்து சோர்ந்து படுக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டைக் கண்டாலே குமட்டுகிறது என்றாள். “கடையில நின்னு நின்னு வந்து படுத்தா அப்படித்தான்” என்று அக்கா சொன்னார். நானும் ஆமாம் போட்டேன். முகம் நாளுக்கு நாள் மஞ்சளித்தது. “பாத்தியா, இப்பத்தான் நல்லாப் பிடிச்சிருக்கு” என்று அக்கா பெருமையாக என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நானும் பார்த்தேன். ஐயோ, நானும்தான் பார்த்தேன். அக்கா தன் கன்னத்தைக் கண்ணாடியில் தங்கை கன்னத்தோடு ஒட்டி வைத்து ஒப்பிட்டார். இரண்டும் ஒரே மஞ்சளாகத் தெரிந்தன, ஏனென்றால் இரண்டு பேருமே பூசியிருந்தார்கள்.

அவர்கள் வீட்டில் முன்னறைக்கு ஜன்னல் கிடையாது. மஞ்சள் வெளிச்சம் தரும் ஒற்றை பல்புதான். சின்னவள் விடியுமுன் கிளம்பிப் பொழுது சாய்ந்து வருகிறவள்; பண்டிகை வியாபாரம் என்று அப்போது ஞாயிறும் விடுப்பில்லை. மூன்று வாரம் அக்கா தன் தங்கையைப் பகல் வெளிச்சத்தில் பார்க்கவே இல்லை. பார்த்த நேரமெல்லாம் அவள் கண்மேல் பஞ்சு.

கடைசியில் அவளுக்கு விடுப்புக் கிடைத்த ஒரு ஞாயிறு, மொட்டை மாடியில் நாங்கள் மூவரும் துணி உலர்த்திக்கொண்டிருந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது. சின்னவள் ஏதோ கேட்பதற்காக அக்கா பக்கம் திரும்பினாள். அக்கா கையிலிருந்த ஈரப் போர்வை அப்படியே தரையில் விழுந்தது. அவர் ஓடிப்போய்த் தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து வெயிலுக்குத் தூக்கினார்.

“மூஞ்சியில போட்டேன். கழுத்துல போட்டேன்” என்றார் என்னைப் பார்த்து. குரல் அவருடையதாகவே இல்லை. “கண்ணுக்குள்ள நான் மஞ்சள் போடலையேடி!”

ஆஸ்பத்திரியில் சின்னவள் இருபத்திரண்டு நாள் இருந்தாள். ஈரல் கெட்டுப்போயிருந்தது. கெட்ட தண்ணீரால் வந்த மஞ்சள் காமாலை, பூசிய மஞ்சளால் வந்ததல்ல என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. “இத்தனை நாளா வீட்டுல யாரும் பாக்கலையா?” என்று கேட்டுவிட்டார். அவர் அதைக் கடுமையாகக்கூடக் கேட்கவில்லை. நடுவில் நாலு நாள் சின்னவளுக்கு நினைவு தடுமாறி, அக்காவையே யாரென்று கேட்டாள். அந்த நாலு நாளும் அக்கா நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, தன் விரல் நுனி மஞ்சளைப் பேருந்துச் சீட்டு ஓரத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பதினோரு வருடமாக மஞ்சள் பார்த்த கண் அது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்.

சின்னவள் பிழைத்து வீடு வந்தாள். அக்கா வீட்டிலிருந்த மஞ்சள்தூளைக் கொண்டுபோய்க் கொட்டினார். முன்னறை பல்பை மாற்றி வெள்ளை விளக்குப் போட்டார். அப்போது தொடங்கியதுதான் இந்தக் கண் பார்க்கிற பழக்கம். இதில் வேடிக்கை என்று சொல்ல வாய் வரவில்லை, ஆனால் ஒன்று உண்டு. ஊரில் உள்ள கண்ணையெல்லாம் இழுத்துப் பார்க்கிறவர், தங்கையின் கண்ணை மட்டும் பார்க்க மாட்டார். வாரம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போய், சீட்டில் எழுதியிருப்பதைப் படிப்பார். “என் கண்ணுக்கு என்ன தெரியும்? சீட்டு சொல்லட்டும்” என்பார். தங்கை பேசும்போது அவள் நெற்றியையோ தோளையோ பார்த்துப் பதில் சொல்வார்.

வேலையிலும் அதே கதை. நீலம், பச்சை, சிவப்பு எல்லாம் பழையபடி டக், டக். மஞ்சள் துணி வந்தால் என் மேசைக்குத் தள்ளிவிடுவார். “மஞ்சள் மட்டும் நீ பாத்துடு.” பொத்தானோடு மாரடிக்கிறவளுக்கு நூல் என்ன தெரியும்? அவருக்காகப் பார்த்தேன். போன மாதம் நான் சரி என்று சொன்ன மஞ்சள் நூல், தைத்து முடித்த பிறகு வெயிலில் பச்சையடித்தது. நானூறு சட்டையின் தையலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. தையல் பெண்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பழியை அக்கா தன் தலையில் போட்டுக்கொண்டார். மேலாளர் கெட்டவர் இல்லை. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. “அடுத்தது முழுக்க மஞ்சள் ஆர்டர். திங்கக்கெழம துணி வருது. உங்களால பாக்க முடியும்னா பாருங்க. முடியாதுன்னா நூல் மேசைக்கு வேற ஆள் போடணும்மா” என்றார்.

ஞாயிறு முழுக்க அக்கா கதவைத் திறக்கவில்லை. திங்கட்கிழமை ஏழரை நெருங்குகையில் நான் மாடி ஏறிப்போனபோது, படித்திருப்பத்து ஜன்னலடியில் சின்னவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய கிண்ணம், அதில் தயிரும் மஞ்சளும். எங்கிருந்து வாங்கினாளோ தெரியாது. அக்கா வாசற்படியில் கைப்பையோடு நின்றுகொண்டிருந்தார். முகம் வெளிறியிருந்தது.

“அதக் கொட்டுடி” என்றார்.

“நீ வந்து போடு, அப்புறம் கொட்டுறேன்.”

“வேலைக்கு நேரமாச்சு. புள்ளி இருந்தா இருந்துட்டுப் போகட்டும், விடு.”

“புள்ளிக்காக யாரு கேட்டா?” சின்னவள் குரல் உயர்ந்தது. “அக்கா, அன்னிக்கு மாடியில கண்டுபிடிச்சது யாரு? டாக்டரா? சீட்டா? வெயில்ல ஒரே ஒரு தடவ பாத்த. பாத்த அடுத்த நிமிஷம் தூக்கிட்டு ஓடுன. நீ பாக்கலன்னா நான் இன்னிக்கு இருக்க மாட்டேன். டாக்டர் கேட்டதையே அஞ்சு மாசமா நெனச்சிட்டிருக்கியே, இத ஒரு நாளாவது நெனச்சியா?”

கீழே பேருந்து வந்து நின்று, எங்களை விட்டுவிட்டுப் போகிற சத்தம் கேட்டது.

சின்னவள் கிண்ணத்தைப் படியில் வைத்தாள். முகத்தை ஜன்னல் பக்கம் தூக்கி, இரண்டு ஆள்காட்டி விரலாலும் தன் கீழிமைகளைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். பார்க்கக் கோமாளி மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா கைப்பையைக் கீழே வைத்தார். ஒரு படி இறங்கினார், இன்னொரு படி. முதலில் எதிரே இருந்த சாம்பல் நிறச் சுவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தங்கையின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

“மேல பாரு.”

பார்த்தாள்.

“கீழ பாரு.”

பார்த்தாள். அக்கா அவசரப்படவே இல்லை. வலக்கண்ணைப் பார்த்தார், இடக்கண்ணைப் பார்த்தார், மறுபடி வலக்கண்ணுக்கு வந்தார். பிறகு குனிந்து, கிண்ணத்தில் இரண்டு விரலைச் சேர்த்து நனைத்து, தங்கையின் கன்னத்தில் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.