பழனியில் நிற்கிறவர் பெயர்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் குடிமையியல் எடுக்கிறவள் நான். ஓட்டுரிமையைப் பற்றி வருடா வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவேன். 'ரகசியமா ஓட்டுப் போடுறது உலக மனித உரிமைப் பிரகடனத்துலயே இருக்கு, அடிக்கோடு போடுங்கடா' என்று பலகையைத் தட்டுவேன். அப்பேர்ப்பட்ட நான்தான் ஒரு அம்மாவின் ஓட்டை என் கையாலேயே பறிக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. பழனி மலையில் நிற்கிற சாமியையும் கொஞ்சம் கோத்துவிட்டால்தான் என் மனம் ஆறும்.

அந்தத் தேர்தலில் எனக்கு வேடசந்தூர் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் டூட்டி விழுந்தது. வருகிறவர்களின் அட்டையைப் பார்த்து, பட்டியலில் பெயரைத் தேடி, வரிசை எண்ணோடு உரக்க வாசித்து, சிவப்புப் பேனாவால் கோடு போடுவது என் வேலை. பெண் என்றால் எண்ணைச் சுழிக்கவும் வேண்டும். சுழித்துவிட்டால் அந்த ஆள் ஓட்டுப் போட்டாயிற்று என்று கணக்கு. தப்பு நடந்தால் ஆட்சேபம் சொல்வதற்காகப் பக்கத்து பெஞ்சில் நாலு கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்திருந்தார்கள். கட்சிதான் நாலு, ஆட்கள் எல்லாரும் மாமன் மச்சான். எதிர்க்கட்சிக்காரர் மடித்த வெற்றிலை ஆளுங்கட்சிக்காரர் வாயில் இருந்தது.

காலை எட்டரை மணிக்கு ஏஜெண்டுகளுக்குப் பொங்கல் வந்தது. "வெஞ்சனம் என்னப்பு?" என்று தொட்டுக்கொள்ள இருப்பதை ஒருத்தர் விசாரிக்க, நாலு தலையும் ஒரே தூக்குவாளிக்குள் கவிழ்ந்தன. அந்த நேரம் பார்த்து நடுவயது அம்மா ஒருத்தர் வந்தார். பூத் சிலிப்பை அடுப்படியில் வைத்துவிட்டாராம். கையில் இருந்த ஆதார் அட்டையில் முன்பக்கத்தை மட்டும் வெட்டி லேமினேஷன் போட்டிருந்தார்கள். பெயர் இருந்தது, முகவரி இல்லை. பட்டியலைப் பார்த்தால் ஒரே பக்கத்தில் அதே பெயரில் ரெண்டு பேர், ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. படத்தைப் பார்க்கலாம் என்றால் ரெண்டும் கரிச்சட்டியின் அடிப்பக்கம் போல அச்சாகியிருந்தன.

"வீட்டுக்காரர் பேரு என்னம்மா?"

அவ்வளவுதான். முந்தானை வாய்க்குப் போய்விட்டது. ஒரே சிரிப்பு. "அதை எப்படி டீச்சர் சொல்றது? பழனியில கோவணத்தோட நிக்கிறாருல்ல, அவரு பேருதான்."

புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அந்தப் பக்கத்து மூத்த பெண்கள் சொல்ல மாட்டார்கள். நான் அப்படியில்லை. என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன், கோபம் வந்தால் இனிஷியலோடு. மனிதர் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். சரி, ஜாடை புரிந்துவிட்டது என்று பட்டியலைப் பார்த்தேன். ஒருத்தியின் கணவர் பெயரில் பழனி என்ற ஊரும் இருந்தது, சாமியும் இருந்தார். இன்னொருத்தியின் கணவர் பெயரில் சாமி மட்டும், அவருடைய வேறொரு பெயரில். என் காதில் விழுந்தது பழனி. பழனி இருந்த வரியைச் சுழித்தேன். நான் வாசித்ததை நாலு ஏஜெண்டுகளும் பொங்கல் வாயோடு தலையாட்டி ஏற்றுக்கொண்டார்கள்.

பதினோரு மணிக்கு அதே பெயரில் அடுத்த அம்மா வந்து நின்றார். நெற்றி நிறையத் திருநீறு, கையில் மடிப்புக் கலையாத பூத் சிலிப். அவருடைய ஆதாரும் முன்பக்கம் மட்டும்தான். ஊருக்கே ஒரே லேமினேஷன் கடை போல. சிலிப்பில் இருந்த எண்ணைத் தேடினேன். சிவப்பாகச் சுழித்திருந்தது.

வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் எழுந்து வந்தார். விதிமுறைப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிற ரகம். "இவங்க ஓட்டு பதிவாயிருச்சே. டெண்டர் ஓட்டுதான் குடுக்கலாம்" என்றார். அதாவது ஒரு காகிதச் சீட்டில் முத்திரை குத்தி உறையில் போட்டுத் தனியாக வைத்துவிடுவது.

"அதை எண்ணுவாகளா சார்?" என்று அந்த அம்மா கேட்டார்.

"கோர்ட்டு கேட்டா எடுப்பாங்க."

"அப்ப எனக்கு வேணாம். மெசின்ல கீச்சுன்னு சத்தம் வருமே, அந்த ஓட்டுதான் வேணும்." என் பக்கம் திரும்பினார். "தாயி, ஒரு எலெக்சன்கூட நான் விட்டதில்ல. என்ன கொழம்பு வைக்கன்னுகூட கேட்டுத்தான் வைப்பேன். யாரையும் கேக்காம நானா ஒரு முடிவெடுக்கிறது அஞ்சு வருசத்துக்கு ஒருக்க இங்கதான். நான் எதுல போடுறேன்னு அந்த மனுசனுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. அதைப் போய்க் காகிதத்துல போடச் சொல்றீகளே!"

வெட்கத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. பலகையில் எழுதிப் போடுகிற அத்தனையையும் அந்த அம்மா எனக்கே பாடம் நடத்திவிட்டார். "சார், தப்பு என்னோடது" என்றேன். "காலையில வந்தவங்க ஜாடையாச் சொன்னது சாமி பேரு மட்டும், அவங்க இன்னொரு வரி. நான் இவங்க வரியைச் சுழிச்சிட்டேன்."

ஏஜெண்டுகளில் ஒருத்தர் பொறுமை இழந்தார். "எங்க மதினிதான் சார் இது! நல்லாத் தெரியும்."

"தெரியும்னா காலையிலயே சொல்லியிருக்கணும். அப்ப எங்க போனீங்க?" என்று தலைமை அலுவலர் மடக்கினார்.

ஏஜெண்ட் தூக்குவாளியைப் பார்த்தார். தலைமை அலுவலர் கையைக் கட்டிக்கொண்டார். "சிலிப்ப யாரு வேணும்னாலும் கொண்டாரலாம். இவங்க யாரு வீட்டம்மான்னு இவங்க வாயால சொல்லட்டும். நான் திருத்தி கையெழுத்துப் போடுறேன்."

"மலைக்குப் பாதயாத்திரை போவாகளே, அந்த ஊரு பேரோட..." என்று அம்மா ஆரம்பித்தார்.

"ஜாடை வேண்டாம்மா. ஜாடையாலதான் இம்புட்டு வினையும்" என்றார் தலைமை அலுவலர்.

"எழுதியாவது காட்டுங்களேன்" என்று நான் கெஞ்சினேன்.

"எனக்கு என் பேரு மட்டுந்தான் எழுத வரும், தாயி. அவரு பேர எழுதப் படிச்சு நான் என்ன செய்ய?"

வெளியே வரிசை சலசலத்தது. ஆண்கள் வரிசையின் தலைமாட்டில், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷனே நின்றிருந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்துச் சொன்னார்: "சொல்லேன் புள்ள. நான் ஒண்ணும் செத்துர மாட்டேன். செத்தாலும் ஓட்டுப் போட்டுட்டுத்தான் சாவேன்."

அந்த அம்மா கண்ணை மூடினார். மலை இருக்கிற திசைக்குத் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார் பாருங்கள், முழுப் பெயரையும், ஊரும் சாமியுமாக, பள்ளிக்கூட ஓடு அதிர! நாலு ஏஜெண்டுகளும் வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அந்த அம்மா அதை அத்தனை வருஷம் காப்பாற்றி வைத்திருந்தார்.

"இன்னொருக்கச் சொல்லு, சரியா காதுல விழல" என்றார் புருஷன் வாசலில் இருந்து. ஊரே கொல்லென்று சிரித்தது.

தலைமை அலுவலரும் சிரித்துவிட்டார். பட்டியலைத் திருத்தி, டைரியில் எழுதி, ஏஜெண்டுகள் நாலு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். விரலில் மை வைத்துக்கொண்டு அந்த அம்மா அட்டை மறைப்புக்குப் பின்னால் போனார். கீச்சென்று நீளமாகச் சத்தம் வந்தது. நிம்மதியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. தும்மல் என்று சமாளித்துக்கொண்டேன்.

அடுத்து வந்தவர் அவருடைய வீட்டுக்காரர். வாக்காளர் அட்டை, சிலிப், எல்லாம் கச்சிதம். ஆண்களுக்குப் பட்டியலில் அப்பா பெயர்தான் இருக்கும். கல்யாணம் ஆனாலும் ஆகாவிட்டாலும் எந்த ஆம்பளையிடமும் 'யாருடைய புருஷன் நீ' என்று நாங்கள் கேட்பதில்லை. அன்றைக்கு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"வீட்டம்மா பேரு என்னங்க?"

"டீச்சர், அது ரூல்ல இல்ல" என்றார் தலைமை அலுவலர்.

"தெரியும் சார். சும்மா கேக்குறேன்."

அந்த மனிதர் நெளிந்தார். "அது வந்து... எங்க வீட்டுல... பெரியவன் ஆத்தா."

"பெரியவனுக்கு ஆத்தாதான், சரி. பேரு?"

கழுத்தைச் சொறிந்துகொண்டார். ஏ புள்ள, இந்தா, இவளே என்று ஓட்டிய நாக்கு, திடீரென்று கேட்டால் பாவம் என்ன செய்யும்! வெளியே போகிற வாசலில் மை காய விரலை ஊதிக்கொண்டு நின்ற அந்த அம்மா திரும்பினார். "ஏங்க, நான் உங்க பேரச் சொல்லித்தான் ஓட்டு வாங்குனேன். நீங்க என் பேரச் சொல்லிட்டுப் போடுங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, வாய்க்குள்ளேயே சொன்னார். அந்தப் பெயரில் என் பட்டியலில் ரெண்டு பேர் இருந்தார்கள். வாசலில் நின்றவர் மட்டும், தன்னைக் கூப்பிட்டதுபோல், "என்னங்க?" என்று கேட்டார்.