மாமனார் சட்டையில் பூசிய மை

2008இல், மாமனாரின் முதல் தெவசம் வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, என் மாமியார் பீரோவிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து வந்தார்.

"இத கலராக்கிக் குடும்மா. ஹால்ல மாட்டணும்."

கல்யாணத்துக்கு முன்பு சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவில் போட்டோஷாப் வேலை பார்த்தவள் நான். கடலூருக்கு வாழ்க்கைப்பட்ட பிறகும், பழைய படங்களுக்கு நிறம் போடும் வேலையை வீட்டிலிருந்தே செய்துவந்தேன்.

படத்தில் மாமனாருக்கு முப்பது வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. ஆனால் தோளிலிருந்து இடுப்புவரை குறுக்காக மை.

"என்னா அத்தை இது?"

"மை கொட்டிடுச்சு. சட்டைய முழுசா வெள்ளையா போட்டுடு."

கொட்டிய மை இப்படி ஒரே சீராக ஓடுமா? முகத்துக்கு நிறம் போடும்போதும் என் கண் அங்கேயே போனது. யாராவது ஒருத்தியின் கை அவர் தோளில் கிடந்ததோ என்றுகூடத் தோன்றியது. கணவரிடம் கேட்டேன்.

"சொன்னத செய்யேன். அத எதுக்கு நோண்டுற?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அதன்பிறகுதான் சந்தேகம் வலுத்தது. அத்தையும் காரணமில்லாமல் என் அறைப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். அவர் வரும் சத்தம் கேட்டால் திரையில் மாமனாரின் முகத்தை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்வேன்.

அவர் மார்க்கெட்டுக்குப் போன ஒரு காலையில், மை இருந்த இடத்தில் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். அடியில் அகலமான பட்டை. அதன் நடுவே வட்டமாக ஒரு வில்லை. டவாலி. கோர்ட்டில் நீதிபதிக்கு முன்னால் நடந்து போகிறவர் போடுவது.

மாமனார் கோர்ட்டில் ஆபீசர் என்று சொல்லித்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். நான் வந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். வேலையைப் பற்றிப் பேசவே மாட்டார். அப்படியானால் வேறு எதெல்லாம் பொய்? கணவரின் பட்டச் சான்றிதழைக்கூட எடுத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

அத்தை வந்ததும் திரையைக் காட்டினேன். கூடையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"ஒங்க அப்பா வீடு பாக்க வர்றார்னு ஒங்க மாமாவேதான் மைய தடவுனாரு. படத்த கழட்டச் சொன்னேன், மனசு வரல. பட்டையப் பாத்தா பொண்ணு குடுக்க மாட்டாங்கன்னு பயம்." கூடையை இறக்கி வைத்துவிட்டு, "செவப்பு அது. வில்லை பித்தள. நாந்தான் புளி போட்டுத் தேய்ப்பேன்" என்றார்.

சிவப்பே போட்டேன். அத்தை தடுக்கவில்லை.

தெவசத்துக்குக் கீரப்பாளையத்திலிருந்து அப்பா வந்தார். ஹாலில் படத்துக்கு எதிரே நின்றார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். துளியும் மாறவில்லை.

"டவாலி நல்லாதான் இருக்கு அவுருக்கு."

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியுமாப்பா?"

"கோர்ட்டுல விசாரிக்காமலா பொண்ணு குடுப்பேன்? தங்கமான மனுசன்னாங்க. போதும்னு இருந்துட்டேன்."

"அப்ப ஆபீசர்னு இவங்க சொன்னது?"

"இவங்க கோர்ட்டுல வேலைன்னுதான் சொன்னாங்க." அப்பா குரலைத் தாழ்த்தினார். "ஆபீசர்னு நாந்தான் சொன்னேன். நீ வேணாம்னுட்டீன்னா?"

உள்ளேயிருந்து அத்தை சாப்பிடக் கூப்பிட்டார். அப்பா போய் இலைமுன் உட்கார்ந்தார். அவருக்குச் சோறு போட்டபடியே, அவர் இதுவரை எனக்குச் சொன்ன மற்ற விஷயங்களை ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தேன்.